முன்வாசலில் சுங்கம்... பின்வாசலில் பேரம்!

 

பழைய மகாபலிபுரம் சாலையில் கடை வைத்திருப்பவர்களுக்கும், கேளம்பாக்கம், கோவளம், திருப்போரூர் பக்கம் சரக்கு ஏற்றிப் போகிறவர்களுக்கும் நாவலூர் சுங்கச்சாவடியைப் பற்றி நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காய்கறி ஏற்றிய சிறு வண்டியும் அங்கே நின்றது. கணினி நிறுவனத்து அதிகாரியின் காரும் நின்றது. எல்லோரும் காசு கட்டிவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.

இந்தச் சாலையில் பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், மேடவாக்கம் ஆகிய 4 இடங்களில் இருந்த வசூல் 2021 ஆகஸ்ட் 30ஆம் தேதி நிறுத்தப்பட்டது. மெட்ரோ ரயில் பணிதான் காரணம் என்றார்கள். ஆனால் நாவலூரில் மட்டும் வசூல் தொடர்ந்தது. அதே சாலை, அதே மெட்ரோ தடம், அதே நெரிசல்! குடியிருப்போர் சங்கங்களும் அரசியல் இயக்கங்களும் திரும்பத் திரும்பக் குரல் எழுப்பின. 2023 அக்டோபரில் செங்கல்பட்டு உள்ளிட்ட மாவட்டங்களின் ஆய்வுக் கூட்டம் மறைமலை நகரில் நடந்தபோதுதான் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் நாவலூருக்கும் விலக்கு அறிவித்தார். அக்டோபர் 19 முதல் வசூல் நின்றது.

மகிழ்ச்சிதான். ஆனால் சகோதரர்களே, சாவடி மூடியவுடன் நாமும் வாயை மூடிக்கொண்டோமே! இத்தனை ஆண்டுகளில் அங்கே எவ்வளவு வசூலானது? சாலைக்கு எவ்வளவு செலவானது? கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, பராமரிப்பு எவ்வளவு? வசூல் உரிமை எந்த நிபந்தனையில் யாருக்குக் கொடுக்கப்பட்டது? கேட்டோமா? பத்து ரூபாய்க்குப் பருப்பு வாங்கினால் பாக்கிச் சில்லறையை எண்ணிப் பார்க்கிற நாம், ஆண்டுக்கணக்கில் கட்டிய காசுக்குக் கணக்கு கேட்கவில்லை.

நாம் கேட்கவில்லை. ஆனால் கேட்க வேண்டியதை வேண்டிய இடத்தில் போய்க் கேட்டுப் பெற்றுக்கொண்டு வருகிற கூட்டம் ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தரகு வேலைக்குப் புதுப் பெயர்

லஞ்சம் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது என்ன? மேஜைக்கு அடியில் நீளும் கை. கவரில் வைத்த நோட்டு. பட்டா மாறுதலுக்கு இவ்வளவு, மின் இணைப்புக்கு இவ்வளவு என்ற விலைப்பட்டியல். இது சின்ன லஞ்சம். சட்டத்தை மீறுவதற்காகக் கொடுக்கப்படுவது.

பெரிய லஞ்சம் இப்படி இருக்காது. அது சட்டத்தை மீறாது. சட்டத்தையே தனக்கு வசதியாக எழுதிக்கொள்ளும். டெண்டர் வந்த பிறகு அதிகாரியைப் பிடிப்பவன் சிறிய ஆள். டெண்டரின் நிபந்தனையை எழுதும்போதே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன்தான் பெரிய ஆள். எந்த ஊருக்குச் சாலை போக வேண்டும், எவ்வளவு அகலம், எத்தனை ஆண்டு வசூல், என்ன அனுபவம் உள்ளவன் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிடும். பிறகு முறைப்படி விளம்பரம் வரும், முறைப்படி உறை பிரிக்கப்படும், முறைப்படி ஒருவருக்குக் கிடைக்கும். காகிதத்தில் ஒரு குற்றமும் இருக்காது.

இந்த வேலைக்குத்தான் 'லாபி' என்று பெயர். தமிழில் சொன்னால் அதிகார வாசலில் செய்யும் தரகு. அமெரிக்காவில் இதை வெளிப்படையான தொழிலாகவே ஆக்கிவிட்டார்கள். யாருக்காக, எந்த விஷயத்துக்காக, எவ்வளவு செலவு செய்தோம் என்று கணக்குக் கொடுக்க வேண்டும் என்று 1995இல் அங்கே சட்டம் வந்தது. அதனால் அங்கே யோக்கியம் பெருகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கணக்காவது இருக்கிறது. நம் நாட்டில் அதுவும் இல்லை. இங்கே லாபி என்பதற்குச் சட்டத்தில் அனுமதியும் இல்லை, வரையறையும் இல்லை, பதிவேடும் இல்லை. ஆனால் வேலை மட்டும் ஜோராக நடக்கிறது!

நம் நாட்டு லாபியைப் பற்றிய உண்மைகள் பல அமெரிக்காவில் இருந்துதான் நமக்குத் தெரியவந்தன என்பது எவ்வளவு வெட்கக்கேடு!

என்ரானின் 'கல்விச் செலவு'

1990களின் தொடக்கத்தில் நரசிம்மராவ் அரசு கதவைத் திறந்துவிட்டபோது முதல் ஆளாக நுழைந்தவற்றில் ஒன்று என்ரான் நிறுவனம். மகாராஷ்டிராவின் தாபோலில் மின் நிலையம். 1992இல் உடன்பாடு, 1993இல் மின் கொள்முதல் ஒப்பந்தம். 1995இல் அந்த நிறுவனத்தின் துணைத் தலைவர் ஒருவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது, இந்தியர்களுக்குத் திட்டத்தைப் புரியவைக்கும் 'கல்வி'க்கும் திட்ட முன்னேற்பாட்டுக்குமாக சுமார் 2 கோடி டாலர் செலவிட்டதாகச் சொன்னார். யாருக்குப் பாடம் எடுத்தார்கள்? எந்தப் பள்ளிக்கூடத்தில்? இங்கே நாடே கேட்டது. தெளிவான பதில் வரவில்லை.

எதிர்க்கட்சியாக இருந்தபோது இந்தத் திட்டத்தைக் கடலில் தூக்கி எறிவோம் என்று முழங்கிய சிவசேனா - பா.ஜ.க. கூட்டணி, 1995இல் மகாராஷ்டிராவில் ஆட்சிக்கு வந்து ஒப்பந்தத்தை ரத்து செய்தது. பிறகு பேச்சுவார்த்தை நடத்தியது. கடைசியில் முன்பைவிடப் பெரிய திட்டமாக அதையே ஏற்றுக்கொண்டது. 1996 மே மாதம் 13 நாள் மட்டுமே இருந்த வாஜ்பாய் அரசு, பெரும்பான்மையை நிரூபிக்க முடியாமல் பதவி விலகும் தறுவாயில்கூட, இந்தத் திட்டத்துக்கு மத்திய அரசின் உத்தரவாதத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டுத்தான் போனது!

முடிவு என்ன? 1999இல் உற்பத்தி தொடங்கியது. மின்சாரத்தின் விலை தாங்காமல் 2001இல் மகாராஷ்டிரா மின் வாரியம் வாங்குவதையே நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் கணக்கு மோசடி அம்பலமாகி என்ரானே திவாலானது. 'பாடம்' கற்ற அரசியல்வாதிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டணம் கட்டியது மக்கள்.

வணிகர்களே, உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்கிறோம். 2012 செப்டம்பரில் பல பொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அன்னிய முதலீட்டை மன்மோகன் சிங் அரசு அனுமதித்தது. அதே ஆண்டு டிசம்பரில், 2008 முதல் தாங்கள் லாபிக்குச் செய்த செலவு சுமார் 2.5 கோடி டாலர் என்றும், அந்தச் செலவு கவனித்த பல விவகாரங்களில் இந்தியச் சந்தையில் நுழைவதும் ஒன்று என்றும் வால்மார்ட் அமெரிக்க செனட்டுக்குக் கொடுத்த கணக்கு வெளியானது. நாடாளுமன்றம் அமளியானது. ஓய்வுபெற்ற நீதிபதி முகுல் முட்கலை வைத்து விசாரணை அறிவித்தார்கள். உங்கள் மளிகைக் கடையின், ஜவுளிக் கடையின் தலையெழுத்தைப் பற்றி வாஷிங்டனில் கணக்கு எழுதப்பட்டிருந்தது. உங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று தமிழகம் அதை அனுமதிக்க மறுத்ததால் இங்கே தப்பித்தோம்.

2010இல் நீரா ராடியா தொலைபேசி உரையாடல்கள் பத்திரிகைகளில் வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. யார் எந்தத் துறைக்கு அமைச்சராக வேண்டும் என்பதைப் பற்றி தொழிலதிபர்களின் தரகரும் பிரபல பத்திரிகையாளர்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். வழக்கு பல ஆண்டுகள் போனது. 2022 செப்டம்பரில் சி.பி.ஐ. உச்ச நீதிமன்றத்தில் என்ன சொன்னது தெரியுமா? ஒலிப்பதிவுகளை ஆராய்ந்ததில் குற்றம் எதுவும் தென்படவில்லை என்று! சட்டமே இல்லாத இடத்தில் குற்றம் எப்படித் தென்படும்?

பத்திரத்தில் எழுதிய ரகசியம்

இதுவரை சொன்னது பழைய முறை. 2018இல் இருந்து புதுமுறை வந்தது. அதற்குத் தேர்தல் பத்திரம் என்று பெயர்.

அருண் ஜேட்லி 2017 பட்ஜெட்டில் அறிவித்தார். 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பாரத ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கிப் பிடித்த கட்சிக்குக் கொடுக்கலாம். கொடுத்தவர் பெயர் மக்களுக்குத் தெரியாது. அதற்கு முன்பு ஒரு நிறுவனம் தனது மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்க முடியாது என்று வரம்பு இருந்தது. அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். அதாவது நஷ்டத்தில் ஓடும் நிறுவனமும் கோடிக்கணக்கில் கொடுக்கலாம்! நஷ்டத்தில் இருக்கிற கடைக்காரர் ஒருவர் ஊருக்கெல்லாம் விருந்து வைத்தால் நாம் என்ன நினைப்போம்? இந்த மாற்றங்களையெல்லாம் நிதி மசோதாவில் நுழைத்ததால் மாநிலங்களவைக்கு அவற்றைத் தடுக்கும் அதிகாரமும் இல்லாமல் போனது.

2024 பிப்ரவரி 15ஆம் தேதி தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான 5 நீதிபதிகள் அமர்வு இந்தத் திட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று ஒருமனதாக ரத்து செய்தது. வாக்காளனுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்றது. விவரங்களைக் கொடுக்க ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. தேர்தல் முடிந்த பிறகு கொடுக்கிறோம் என்பதுதானே அதன் பொருள்? நீதிமன்றம் மறுத்தது. மார்ச் மாதம் பட்டியல் வெளிவந்தது.

30 கட்டங்களில் விற்ற பத்திரங்களின் மதிப்பு சுமார் ரூ.16,518 கோடி. வெளியான பட்டியல்படி 2019 ஏப்ரலுக்குப் பிறகு மட்டும் பா.ஜ.க. பெற்றது ரூ.6,060 கோடி. திரிணாமுல் காங்கிரஸ் ரூ.1,609 கோடி. காங்கிரஸ் ரூ.1,421 கோடி. நமது மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்த தி.மு.க. தானே தந்த கணக்கின்படி பெற்றது ரூ.656.5 கோடி. பத்திரமே வேண்டாம் என்று மறுத்து நீதிமன்றம் சென்ற மார்க்சிஸ்ட் கட்சியைப் பாராட்டத்தான் வேண்டும்.

வாங்கியவர்கள் யார்? முதலிடத்தில் கோவையைச் சேர்ந்த மார்ட்டினின் பியூச்சர் கேமிங் லாட்டரி நிறுவனம். ரூ.1,368 கோடி! அதில் தி.மு.க.வுக்கு மட்டும் வந்தது ரூ.509 கோடி. கூலித் தொழிலாளியின் வீட்டு அடுப்பை அணைக்கிறது என்று 2003இல் தமிழகம் தடை செய்த அதே லாட்டரித் தொழில்! அந்தத் தொழிலின் பணம் மற்ற மாநிலங்களைச் சுற்றிவிட்டு அறிவாலயத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சமூக நீதி பேசும் கட்சிக்குச் சூதாட்டப் பணம் எதற்கு என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா? கூட்டணித் தோழமை என்பது கேள்வி கேட்காமல் இருப்பதற்கான ஒப்பந்தமா?

இரண்டாம் இடத்தில் ஐதராபாத்தின் மேகா இன்ஜினியரிங் என்ற ஒப்பந்த நிறுவனம். ரூ.966 கோடி. சாலை, சுரங்கப்பாதை, நீர்ப்பாசனம் என்று அரசுப் பணிகளையே பெரும்பாலும் செய்யும் நிறுவனம் அது. 2023 ஏப்ரலில் அது ரூ.140 கோடிக்குப் பத்திரம் வாங்கியது. அடுத்த மாதம் மும்பை பக்கம் ரூ.14,400 கோடி மதிப்புள்ள சுரங்கப்பாதைப் பணி அதற்குக் கிடைத்தது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. தகுதியின் அடிப்படையிலேயே கிடைத்திருக்கலாம். ஆனால் இப்படி ஒரு சந்தேகம் எழும்போது அதைத் தீர்க்க வழி இருக்க வேண்டாமா? சிறப்புப் புலனாய்வு வேண்டும் என்று கேட்ட மனுக்களை 2024 ஆகஸ்ட் 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பூட்டை உடைத்து அறையைத் திறந்தார்கள். உள்ளே என்ன நடந்தது என்று மட்டும் யாரும் விசாரிக்கவில்லை.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஒப்பந்தக்காரர் கட்சிக்குக் கொடுக்கும் கோடிகள் அவருடைய பரம்பரைச் சொத்தில் இருந்து வருவதில்லை. அவர் கட்டும் பாலத்தின் விலையில் அது ஏறும். சாலையின் தாரில் அது குறையும். நீங்கள் கட்டும் சுங்கத்தில், பெட்ரோல் வரியில், ஜி.எஸ்.டி.யில் அது திரும்ப வசூலாகும். நன்கொடை கொடுத்தவர் பெயர் நிறுவனம். கொடுத்த கை நம்முடையது.

பகலில் சண்டை, இரவில் சமாதானம்

மதச்சார்பின்மை, தேசபக்தி என்று நம் முன்னால் மோதிக்கொள்ளும் இரண்டு பெரிய கட்சிகளும் பண விஷயத்தில் எப்படி நடந்துகொண்டன என்பதற்கு ஒரே ஓர் உதாரணம்.

வெளிநாட்டு நிறுவனத்தின் துணை நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கியதில் காங்கிரஸும் பா.ஜ.க.வும் அன்னிய நன்கொடைச் சட்டத்தை மீறிவிட்டன என்று 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என்ன செய்தார்கள்? 2016இல் நிதி மசோதா மூலம் சட்டத்தையே திருத்தினார்கள். அதுவும் போதவில்லை என்று 2018இல் மீண்டும் திருத்தி, 1976 ஆகஸ்ட் 5 முதலே அந்தத் திருத்தம் செல்லும் என்று ஆக்கினார்கள். அதாவது 42 ஆண்டுகளுக்கு முன்பு செய்த தவறும் தவறில்லை! விவாதமே இல்லாமல் நிறைவேறியது. எதிர்க்கட்சி வரிசையில் இருந்து யாரும் மைக்கை உடைக்கவில்லை.

அதே அன்னிய நன்கொடைச் சட்டத்தின் பெயரில் அனாதை இல்லங்களும் சேவை அமைப்புகளும் எத்தனை நெருக்கடிகளுக்கு ஆளாகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். ஏழைக் குழந்தைக்குச் சோறு போட வந்த பணத்துக்கு ஆயிரம் கேள்வி. கட்சிக்கு வந்த பணத்துக்கு முன்தேதியிட்ட மன்னிப்பு!

பரனூரில் பாதி வண்டி 'வி.ஐ.பி.'யாம்!

நம் மாவட்டத்துக்கே வருவோம். செங்கல்பட்டுக்கு அருகே ஜி.எஸ்.டி. சாலையில் பரனூர் சுங்கச்சாவடி இருக்கிறது. தென்னிந்தியாவில் 5 சுங்கச்சாவடிகளை இந்தியத் தலைமைத் தணிக்கை அதிகாரி ஆராய்ந்த அறிக்கை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதில் பரனூரும் ஒன்று.

விதிகளுக்கு மாறாக ரூ.132 கோடி சாலைப் பயனாளிகளிடம் கூடுதலாக வசூலிக்கப்பட்டதாக அந்த அறிக்கை சொன்னது. சாலை விரிவாக்கப் பணி தாமதமானால் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும் என்பது விதி. பணி தாமதமானது, வசூல் மட்டும் தாமதமாகவில்லை. பரனூரிலும் 75 விழுக்காடாகக் குறைத்திருக்க வேண்டிய கட்டணத்தை முழுசாக வாங்கினார்கள்.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். 2019 ஆகஸ்ட் முதல் 2020 ஜூன் வரை பரனூரைக் கடந்த வாகனங்களில் சுமார் 53 விழுக்காடு கட்டணம் கட்டாத 'வி.ஐ.பி.' வாகனங்கள் என்று கணக்கு எழுதப்பட்டிருந்தது! தென் மாவட்டங்களுக்குப் போகும் முக்கியச் சாலையில் இரண்டு வண்டிக்கு ஒரு வண்டி அமைச்சரா, நீதிபதியா? மீன் லாரியும், துணி மூட்டை ஏற்றிய வேனும் கட்டிவிட்டுத்தானே போயின? அப்படியானால் யார் அந்தப் பிரமுகர்கள்? அல்லது அந்தக் காசு எங்கே?

நாம் வதந்தி எதையும் சொல்லவில்லை. அரசின் தணிக்கையே சொன்னது. ஆனால் அந்த அறிக்கையை எத்தனை வணிகர் சங்கங்கள் கையில் எடுத்தன? எத்தனை ஜும்ஆ மேடைகளில், எத்தனை தெருமுனைக் கூட்டங்களில் பேசினோம்?

இதில் முஸ்லிம்களுக்கு என்ன?

"இதெல்லாம் பொதுப் பிரச்சினை. நமக்கு வக்ஃப், இடஒதுக்கீடு, பாதுகாப்பு என்று ஆயிரம் இருக்கிறதே?" என்று சில சகோதரர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறோம்.

அரசின் முடிவுகள் விலைக்குக் கிடைக்கும் என்றால், அந்தச் சந்தையில் வெல்பவன் பணம் அதிகம் உள்ளவன். நாம் யார்? 2006இல் நீதிபதி சச்சார் குழு எடுத்துச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். மக்கள் தொகையில் 13.4 விழுக்காடு இருந்த முஸ்லிம்கள் ஐ.ஏ.எஸ். பதவிகளில் 3 விழுக்காடு, ஐ.பி.எஸ். பதவிகளில் 4 விழுக்காடுதான். அதிகார அறைக்குள் நமக்கு ஆள் இல்லை. கோடிகளைக் கொட்ட நமக்குப் பெரும் நிறுவனங்கள் இல்லை. பேரம் பேசும் அரசியலில் நாம் எப்போதும் தோற்கவே பிறந்தவர்கள். சட்டம் எல்லோருக்கும் ஒன்று, கணக்கு எல்லோருக்கும் தெரியும் என்ற அரசியலில் மட்டுமே நம்மைப் போன்ற எளிய சமுதாயத்துக்கு இடம் உண்டு. ஆகவே ஊழல் எதிர்ப்பு என்பது நமக்கு ஓய்வு நேரப் பொழுதுபோக்கு இல்லை. நம் வாழ்வுரிமையே அதில்தான் இருக்கிறது.

நம் சொந்தச் சொத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டில் பதிவான வக்ஃபு சொத்துகள் 4.9 லட்சம், சுமார் 6 லட்சம் ஏக்கர், சந்தை மதிப்பு ரூ.1.2 லட்சம் கோடி, முறையாகப் பயன்படுத்தினால் ஆண்டுக்கு ரூ.12,000 கோடி வருமானம் வரும் என்றது சச்சார் குழு. எங்கே போனது அந்த வருமானம்? அற்ப வாடகைக்கு நீண்ட காலக் குத்தகை எழுதிக் கொடுத்தது யார்? எல்லாப் பழியையும் பிற சமூகத்தார் மீது போட முடியுமா? வாரிய உறுப்பினர் பதவிக்கும், முத்தவல்லி பதவிக்கும் ஆளுங்கட்சியின் வாசலில் நின்றவர்கள் நம்மவர்கள்தானே? 2025இல் வக்ஃபு திருத்தச் சட்டம் வந்தபோது "வக்ஃபில் ஊழல்" என்பதைத்தானே அவர்கள் சாக்காகச் சொன்னார்கள்? நம் வீட்டுக் குப்பையை நாம் கூட்டியிருந்தால் அந்தச் சாக்கு அவர்களுக்குக் கிடைத்திருக்குமா?

இப்னுல் லுத்பிய்யாவுக்குக் கிடைத்த கண்டனம்

ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று பிரித்து வைத்தார். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி அதைக் கண்டித்தார்கள். அவர் தம் தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது.

பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் இதைவிடத் தெளிவான சோதனை ஒன்று உண்டா? அந்த ஒப்பந்தக்காரர், அந்த லாட்டரி அதிபர், ஆட்சியிலும் அதிகாரத்திலும் இல்லாத ஒரு கட்சிக்கு ரூ.500 கோடி கொடுத்திருப்பாரா? வீட்டில் உட்கார்ந்திருந்தால் வராத அன்பளிப்பு, பதவியில் உட்கார்ந்ததும் வருகிறது என்றால் அது பதவிக்குக் கொடுத்த விலை.

மக்ஸூமி குலத்துப் பெண் ஒருத்தி திருடியபோது, உயர்குலம் என்பதால் தண்டனையைத் தவிர்க்க உஸாமா (ரலி) அவர்களைச் சிபாரிசுக்கு அனுப்பினார்கள். நபிகளாரின் முகம் கோபத்தால் மாறியது. பெரிய மனிதன் திருடினால் விட்டுவிட்டு எளியவனைத் தண்டித்ததால்தான் முன் சென்ற சமுதாயங்கள் அழிந்தன என்று எச்சரித்தார்கள். மக்களின் பொருளை அநியாயமாக உண்பதற்காக அதிகாரிகளிடம் செல்வத்தைக் கொண்டுபோவதைத் திருக்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தின் 188ஆம் வசனம் தடுக்கிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 85ஆம் வசனமோ நல்ல சிபாரிசுக்கு நற்பங்கும் தீய சிபாரிசுக்கு அதன் சுமையும் உண்டு என்று பிரித்துக் காட்டுகிறது.

ஆகவே, கோரிக்கை வைப்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. 2007இல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு கிடைத்ததே, எப்படிக் கிடைத்தது? மாநாடு போட்டோம், பேரணி நடத்தினோம், ஆணையத்தின் முன் புள்ளிவிவரம் வைத்தோம். நாடு பார்க்கக் கேட்டோம். எதிர்ப்பவர் எதிர்க்கவும் வாய்ப்பு இருந்தது. அது நல்ல சிபாரிசு. இருட்டறையில் ஒருவருக்காக மட்டும் கேட்டு, அதற்குக் கூலி கொடுத்து, மற்றவன் உரிமையைப் பறிப்பது தீய சிபாரிசு. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

நம் வாசலையும் பார்ப்போம்

கசப்பான ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ரமளானில் கஞ்சிக் கோப்பையுடன் குல்லா போட்டு நிற்கும் அமைச்சருக்குச் சால்வை போர்த்திவிட்டு, மறுநாள் அவர் வீட்டில் தனி மனுக் கொடுக்கும் பிரமுகர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தன் மகனுக்கு வேலை, மைத்துனருக்கு ஒப்பந்தம், தனக்கு வாரியப் பதவி. சமுதாயத்தின் பெயரைச் சொல்லிப் போனவர் சொந்தக் காரியத்தை முடித்துக்கொண்டு வருகிறார். இது சின்ன லாபி. பெரிய லாபிக்கும் இதற்கும் வித்தியாசம் தொகையில்தான்.

ஓட்டுக்குப் பணம் வாங்குவதும் இதே கதைதான். 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் பண விநியோகத்தால் ரத்தாயின. 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலே ரத்தாகி ஆகஸ்ட் மாதம் நடந்தது. அரவக்குறிச்சியும் வேலூரும் நம் சமுதாயம் கணிசமாக வாழும் தொகுதிகள் அல்லவா? பணம் வாங்கிய கையால் எப்படிக் கணக்குக் கேட்போம்?

"தம்பி, கடை நடத்திப் பார்த்தால்தான் தெரியும். கொடுக்காவிட்டால் உரிமம் வராது" என்று மூத்த வணிகர்கள் சொல்வது நம் காதில் விழுகிறது. உங்கள் நெருக்கடி உண்மை. உங்களுக்குரிய உரிமத்தைத் தராமல் இழுத்தடித்துப் பறிப்பவன் மீதுதான் பெரும் பாவம். ஆனால் 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். லஞ்சம் கொடுப்பதும் இப்போது 7 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் காவல் துறையிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ தெரிவித்தால் சட்டம் அவரைப் பாதுகாக்கிறது. பேசாமல் இருந்தால் வாங்கியவனோடு சேர்ந்து நீங்களும் குற்றவாளி. தனி ஆளாகப் போகப் பயமாக இருந்தால் சங்கமாகப் போங்கள். ஜமாஅத்தாகப் போங்கள்.

என்ன செய்யலாம்?

ஆவேசமாகப் பேசிவிட்டுக் கலைந்து போவதில் பயன் இல்லை. இளைஞர்களே, இவை உங்களால் முடிந்தவை:

ஒன்று: தகவல் உரிமைச் சட்டம் 2005இல் இருந்து நம் கையில் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. நாவலூர் சாவடியில் இயங்கிய ஆண்டுகளில் வசூலான தொகை, சாலைக்கான செலவு, ஒப்பந்த நகல் ஆகியவற்றைக் கேட்டு மனுப் போடுங்கள். பரனூரில் 'வி.ஐ.பி.' கணக்கு என்ன ஆனது என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தைக் கேளுங்கள்.

இரண்டு: தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் வந்தது. அரசு டெண்டர்கள் இணையத்தில் வெளியாகின்றன. உங்கள் ஊர்ச் சாலை, கால்வாய், குடிநீர்ப் பணிக்கு யார் விண்ணப்பித்தார்கள், யாருக்குக் கிடைத்தது, எத்தனை பேர் போட்டியிட்டார்கள் என்று பாருங்கள். ஒரே ஒருவர் மட்டும் விண்ணப்பித்த பணி எது என்று குறித்துவையுங்கள். கேள்வி அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மூன்று: ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூட வேண்டும் என்பது தமிழக அரசின் ஏற்பாடு. பெரும் அடுக்குமாடிகள் எழும் இந்தச் சாலையோர ஊர்களில் கிராம சபைக்கு வருகிறவர்கள் எத்தனை பேர்? பத்து இளைஞர்கள் வரவு செலவு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கூட்டத்தின் போக்கே மாறும்.

நான்கு: வணிகர்களே, எந்தக் கட்சிக்கும், எந்த இயக்கத்துக்கும், நமது இயக்கத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம், ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்த பிறகு ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். காட்ட மறுப்பவருக்கு மறுமுறை கொடுக்காதீர்கள்.

ஐந்து: ஜமாஅத் நிர்வாகிகள் அமைச்சரையோ அதிகாரியையோ சந்தித்தால், என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்பதை அடுத்த ஜும்ஆவுக்குள் பள்ளிவாசல் பலகையில் எழுதட்டும். பலகையில் எழுத முடியாத கோரிக்கையை நம் பெயரால் யாரும் கொண்டுபோக வேண்டாம்.

இவற்றோடு அரசியல் கட்சிகளிடம் மூன்று கோரிக்கைகளை நாம் உரக்க வைக்க வேண்டும். அமைச்சர்களையும் அதிகாரிகளையும் நிறுவனங்களுக்காகச் சந்திப்பவர்களின் பெயர், தேதி, விஷயம் ஆகியவற்றைப் பொதுப் பதிவேட்டில் வெளியிடச் சட்டம் வேண்டும். அரசு ஒப்பந்தம் வைத்திருக்கும் நிறுவனம் கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பதைத் தடுக்க வேண்டும். சுங்கச்சாவடி ஒவ்வொன்றிலும் திட்டச் செலவு, இதுவரை வசூல், மீதி எவ்வளவு என்பதை மாதந்தோறும் பெரிய பலகையில் எழுத வேண்டும்.

அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் மதச்சார்பின்மையைப் பற்றிப் பேசுவார்கள். பேசட்டும், அது நமக்குத் தேவைதான். பேசி முடித்ததும் நீங்கள் எழுந்து நின்று ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் கட்சிக்குப் பணம் கொடுத்தவர்களின் பட்டியலை எங்களுக்குக் காட்டுவீர்களா? இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லத் துணிகிறவரை அடையாளம் காணுங்கள். இன்ஷா அல்லாஹ், அங்கிருந்து ஒரு நல்ல அரசியலைத் தொடங்கலாம்.

மறுமையில் நம் ஒவ்வொருவரிடமும் செல்வத்தை எப்படிச் சம்பாதித்தாய், எதில் செலவழித்தாய் என்று கேட்கப்படும் என்பது நம் நம்பிக்கை. அந்த நம்பிக்கை உள்ளவர்கள் ஆட்சியாளர்களைப் பார்த்து அதே கேள்வியை இம்மையில் கேட்கத் தயங்கலாமா?